அறுவடை முடிந்த திங்கட்கிழமை

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளிக் குழுத் தலைவர் ராய்ஸ் கார்ட்ரைட் அவர்களே, எங்கள் முதல்வர் ஆர்லீன் கின்னி அவர்களே, மறைந்த லுசெட் மிஷோ அம்மையாரின் கணவர் ஹெர்வே அவர்களே, உருளைக்கிழங்கு வயலிலிருந்து உடைகூட மாற்றாமல் நேராக இந்த விளையாட்டுக் கூடத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, பண்ணைக்காரர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் கோல்பி ஹாஸ்கெல். இந்தத் தொடக்கப் பள்ளியின் கணினிகளையும் தேர்வுகளையும் பார்த்துக்கொள்பவன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நாளை மாலை பள்ளிக் குழு கூடுகிறது. லுசெட் அம்மையார் வைத்த ஒரே ஒரு கோரிக்கை அதன் முன் இருக்கிறது. முதல் வகுப்பின் வாசிப்புத் தேர்வை நவம்பருக்குத் தள்ளுங்கள் என்பதே அது. தள்ளாவிட்டால், அறுவடை விடுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும் திங்கட்கிழமை காலையிலேயே தேர்வு நடக்கும். கோரிக்கை வைத்தவர் சென்ற வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். ஆகவே அவரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! மெய்ன் மாநிலத்தின் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆகஸ்டில் ஏரியில் நீந்திக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் பள்ளிக்கு நடந்தோமே, நினைவிருக்கிறதா? ஐந்து வாரம் பாடம். பிறகு கதவைச் சாத்திவிட்டு மூன்று வாரம் வயல். விடியுமுன் ரேடியோவில் இன்று எந்தப் பண்ணையில் கிழங்கு எடுக்கிறார்கள் என்று வாசிப்பார்கள். அண்ணன்மார் பீப்பாய் நிரப்புவார்கள். நாம் டிரக்கின் முன்சீட்டில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரைவோம். பெயர்த்த மண்ணின் அந்தக் குளிர்ந்த வாசனை எங்கே போனாலும் நம்மை விடுகிறதா?

அந்த மூன்று வாரத்தை மனத்தில் வைத்துத் தன் முதல் வகுப்புப் பாடத்திட்டத்தை அமைத்தவர் லுசெட் மிஷோ. ஐந்து வாரம் எழுத்தைச் சொல்லிக்கொடுத்து உடனே வயலுக்கு அனுப்பினால் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆகவே அந்த ஐந்து வாரமும் அவர் வகுப்பில் எழுத்தே கிடையாது. காதுக்கும் வாய்க்கும் மட்டும்தான் வேலை. கதை கேட்பார்கள். கைதட்டிச் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரே ஓசையில் தொடங்கும் பொருள்களைத் தேடி அறை முழுக்க ஓடுவார்கள். வெளியே நின்றால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறுக்க முடியாமல் நான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன டீச்சர், பாடம் எப்பதான் ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சு அரைமணி ஆச்சுப்பா. நீ வாசல்ல நின்னு வெளிச்சத்த மறைக்காத."

அறுவடை முடிந்து வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஒன்றைச் சொல்லும். சொன்னதை மாற்றாமல் கரும்பலகையில் எழுதுவார். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம்தான் அந்தப் பிள்ளையின் முதல் பாடம். அங்கிருந்து எழுத்துக்குப் போவார். எத்தனை வருடம்! இந்தக் கூடத்தில் பாதிப் பேர் அந்தப் பலகையில்தான் வாசிக்கத் தொடங்கினீர்கள்!

பிறகு சென்ற ஆண்டு நாம் ஒரு புது வாசிப்புத் திட்டம் வாங்கினோம். எந்த வாரம் என்ன பாடம், எந்த வாரம் தேர்வு என்று எல்லாம் அச்சடித்தே வந்தது. நீண்ட விடுமுறைகளைச் சொல்லுங்கள், இடம் விட்டுத் தருகிறோம் என்றார்கள் அதை விற்ற கம்பெனிக்காரர்கள். கிறிஸ்துமஸ் சொன்னோம், பிப்ரவரி சொன்னோம், ஏப்ரல் சொன்னோம். அறுவடையைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை! முதுகு ஒடிய வேலை செய்யும் காலத்தை இந்த ஊரில் எவர் விடுமுறை என்று நினைப்பார்? பாடத்திட்டக் குழுவில் லுசெட் அம்மையாரும் நானும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால், இந்த மூன்று வாரம் பள்ளி ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டிருப்பார்.

விளைவு? முதல் ஐந்து வாரம் எழுத்து, எழுத்து, எழுத்து. பிறகு வயல். திரும்பி வந்த திங்கட்கிழமை தேர்வு. ஆறு வயதுப் பிள்ளைகள் தூக்கம் கலையாத கண்ணோடு திரையைப் பார்த்தார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் 'மெதுவாகக் கற்போர்' குழுவுக்குப் போனார்கள்.

மறுநாள் நோர்மன் கெரெட் பள்ளிக்குள் வந்து லுசெட் அம்மையார் முன் நின்றார். நோர்மன், நீங்கள் கடைசி வரிசையில் இருப்பது தெரிகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"எம் பொண்ணு டெல்ஃபின் மக்குன்னு உங்க மிஷின் சொல்லுதாமே? அந்த மிஷினக் கொண்டாங்க, டிராக்டர ஏத்துறேன்!"

"மிஷின் என்ன பண்ணும் நோர்மன்? நாங்கதான் தப்பான நாள்ல வச்சோம். திட்டம் போட்ட அந்த மேசையில நானும்தான் உக்காந்திருந்தேன். மொதல்ல தொப்பியக் கழட்டிட்டு உக்காரு."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நோர்மனை உட்காரவைத்துவிட்டு லுசெட் அம்மையார் என் அறைக்கு வந்தார். அறுவடைக்கு முந்தைய வாராந்தர மதிப்பெண்களையும் பிந்தைய தேர்வின் மதிப்பெண்ணையும் ஒரே தாளில் கோடாகப் போட்டுக் கொடு என்றார். போட்டேன். ஏறிய கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனார்.

"லுசெட், கம்பெனிக்காரங்க போட்ட வரிசைய நாம மாத்த முடியாதும்மா."

"அந்தக் கம்பெனிக்காரன் உறைபனியில ஒரு பீப்பா கிழங்கு பொறுக்கியிருக்கானா ஆர்லீன்? அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

முதல்வர் சிரித்துவிட்டார். மறுதேர்வுக்கு அனுமதி தந்தார், அதற்கு நன்றி. இடையில் பழையபடி கரும்பலகை வந்தது. டெல்ஃபினின் முதல் வாக்கியம் என்ன தெரியுமா? 'அப்பா டிரக்கில் தூங்கிவிட்டார், அம்மா கத்தினாள்.' அதை அவளே விரல் வைத்து வாசித்தபோது, பார்க்க வந்திருந்த நோர்மன் அவள் அம்மாவை விடச் சத்தமாகக் கத்தினார்! நவம்பரில் வைத்த மறுதேர்வில் 'மெதுவாகக் கற்போர்' குழுவில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கும் உண்மையிலேயே துணை தேவைப்பட்டது. லுசெட் அம்மையார் தினமும் மதியம் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். உதவி சரியான பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. தேர்வு என்று ஒன்று இருப்பதே இதற்குத்தானே?

அவர் எளிதான சக ஊழியர் அல்ல. ஒரு மின்னஞ்சலுக்கும் பதில் போட மாட்டார். கூட்டத்தில் குறுக்கே பேசுவார். அவர் பாட்டு காதுக்குத் தண்டனை, ஹெர்வே அவர்களே, உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் பிள்ளையைச் சந்தேகிக்கும் முன் பாடத்தைச் சந்தேகித்தார். அந்த லுசெட் மிஷோ இனி எங்கே கிடைப்பார்?

தலைவர் ராய்ஸ் அவர்களே! சென்ற ஆண்டு அவர் இந்தக் கோரிக்கையோடு வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லுசெட்" என்றீர்கள். அடுத்த வருடம் இதுதான், ஐயா.

என் உறுதிமொழியைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வைத் திறப்பவன் நான். கோரிக்கை நிறைவேறினால் நவம்பரில் திறப்பேன். நிறைவேறாவிட்டாலும் வருகிற திங்கட்கிழமை திறக்க மாட்டேன். திறக்க வேறு ஆளைத் தேடுங்கள், என் வேலையையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆனால் என் ஒருவன் கை மட்டும் போதாது. ஓட்டுப் போடுகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும். நாளை மாலை ஏழு மணி, இதே கூடம். நாளை இரவு கடும் உறைபனி என்று ரேடியோ சொன்னதும், உறைபனி பிடித்தால் மண்ணில் இருக்கும் கிழங்கு அழுகிவிடும் என்பதும் எனக்கும் தெரியும். எடுக்காத கிழங்கை மண்ணில் விட்டுவிட்டு வா என்று இந்த ஊரில் எவரும் எவரையும் கேட்டதில்லை.

நான் கேட்கிறேன். வாருங்கள்.