ஹேமாவதி வீட்டுச் சுரைக்காய் நூடுல்ஸ்

சுரைக்காய் வாங்கும்போது நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து வாங்க வேண்டும், சார். நகம் உள்ளே இறங்கினால் பிஞ்சு. இறங்காவிட்டால் கடைக்காரர் குலசாமி மேல் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். முற்றிய காயில் நூடுல்ஸ் வராது, பஞ்சும் விதையுமாகத்தான் கொட்டும். அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சையை வெட்டிவிட்டு அதே பந்தலில் சுரைக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் எனக்குக் காய் வரும். பந்தலில் தொங்கி வளர்வதால் கோணல் இல்லாமல் நேராக இருக்கும்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றதும் பெரிய மீசையோடு ஒருவர் வந்து அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். உங்களைப் பார்த்தால் என் கடைசித் தம்பி மாதிரி இருக்கிறது. அதனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மறைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் ராஜபாண்டிக்கு இங்கே உத்தமபாளையத்தில் அரிசிக் கடை. மூட்டைகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர். நெல்லைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தே எந்த ஊர் வயல் என்று சொல்வார். அவருக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் சோற்றைக் கட்டுப்படுத்தச் சொன்னபோது மனிதர் இடிந்துபோய்விட்டார். "அரிசி விக்கிறவனப் பாத்து அரிசி திங்காதங்குறாக. இது என்ன ஞாயம் ஹேமா?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதிக்கும் அதே வியாதி இருந்ததால் சிரிக்கவில்லை.

வழி சொன்னவள் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள். அங்கே பாஸ்தாவுக்குப் பதிலாகக் காயையே நூல் நூலாகச் சீவி, சாஸ் ஊற்றிச் சாப்பிடுகிறார்களாம். மாவுச்சத்து குறைவு, சர்க்கரை ஏறாது. சீவுகிற கருவி ஒன்றையும் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். பென்சில் சீவுவதுபோல் காயைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் சுருள் சுருளாக விழும். அதற்குச் சுக்கினி என்று ஒரு காய் வேண்டும் என்றாள். கம்பம் உழவர் சந்தையில் போய்க் கேட்டேன். "அது யாருக்கா?" என்று கேட்டார்கள்.

கேரட்டில் செய்தேன், இனித்தது. சௌசௌவில் செய்தேன், கொழகொழத்தது. சுரைக்காயில் செய்தேன், தட்டு நிறையத் தண்ணீர் நின்றது. "நூடுல்ஸா, ரசமா? கரண்டி குடு" என்றார் வீட்டுக்காரர். விடுவேனா நான்? சீவிய இழையில் உப்பைப் பிசிறி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, பூண்டும் மிளகும் கறிவேப்பிலையும் தாளித்து, இழையைப் போட்டு இரண்டே புரட்டுப் புரட்டி இறக்கினேன். சட்டியை மூடக் கூடாது. மூடினால் மறுபடி தண்ணீர் விட்டுக்கொள்ளும். மேலே தக்காளித் தொக்கு. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

அவருக்குச் சர்க்கரை இறங்கியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் விரலைக் குத்திப் பார்த்து, மீட்டரை ஃபோட்டோ எடுத்து, கும்பிடு போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார். ஊரே அதைப் பார்த்தது. அப்புறம் என்ன, எனக்கு உனக்கு என்று அதே வியாதிக்காரர்கள் வந்துவிட்டார்கள். இப்படித்தான் சார் இந்த மெஸ் ஆரம்பித்தது. நான் தேடிப் போகவில்லை.

ராச்சாப்பாடு மட்டும்தான். பொழுது சாய்வதற்குள் கேரியர்களை அடுக்கி ஆட்டோக்காரர் ராக்கையாவிடம் கொடுத்துவிடுவேன். மறுநாள் காலி கேரியர் திரும்பி வரும். நம் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம், உங்களுக்கே தெரியும். நாலு தக்காளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் அந்த ஆரம்ப நாட்களில் எனக்குத் திரும்பி வந்தது எது தெரியுமா? என் நூடுல்ஸ்தான். பாதி அப்படியே கிடக்கும். கழுவுகிற இடத்தில் நின்று அதைக் கொட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிடும்.

அதில் சம்சுதீன் பாய் கேரியர் கொஞ்சம் பரவாயில்லை. பாதி மிச்சம் இருந்தாலும் மேலடுக்கில் பன்னீர் திராட்சை வைத்திருப்பார். ஏலக்காய் வியாபாரி, என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். "கோவிச்சுக்கிராத தங்கச்சி. ருசிக்கு ஒரு கொறையும் இல்ல. வயிறுதான் நெறைய மாட்டேங்குது. ஒன் நூடுல்ஸத் தின்னுட்டு, அப்படியே நடந்துபோயி ரெண்டு பரோட்டாவப் பிச்சுப் போட்டாத்தான் தூக்கம் வருது" என்றார்.

பரோட்டா, சார். மைதா. நான் ஒரு முடிவுக்கு வந்தது அப்போதுதான். இரண்டு பரோட்டாவைவிட ஒரு கைப்பிடி இடியாப்பம் மேலா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

கடையிலிருந்து குருணை எடுத்துவந்து, அரைத்து, மெல்லிய அச்சில் இடியாப்பம் பிழிந்தேன். ஆறவைத்து, துளி எண்ணெய் தடவி உதிர்த்து, சுரைக்காய் இழையோடு கலந்தேன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மிளகும் தொக்கும் சேர்ந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. முதலில் கேரியருக்கு ஒரு கைப்பிடிதான். மறுநாள் கேரியர்கள் துடைத்து வைத்த மாதிரி வந்தன. சந்தோஷத்தில் இரண்டாம் கைப்பிடி போட்டேன். பிறகு பாதிக்குப் பாதி ஆனது. கோடை மழையில் பந்தல் சரிந்து காய் வராமல் போன வாரத்தில் சுரைக்காய் கிட்டத்தட்டக் கறிவேப்பிலை அளவில்தான் இருந்தது. அந்த வாரம் வந்த பாராட்டு மாதிரி என் வாழ்நாளில் வந்ததில்லை.

மூடியைத் திறக்கத் திறக்க மாங்காய், முருங்கைக்காய், மல்லிகைப்பூ, ஒரு வீட்டிலிருந்து ரவிக்கைத் துணிகூட வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் போகிற என் வீட்டுக்காரர் கேரியர் மட்டும்தான் என்றைக்கும் வெறுமையாக வரும். சொந்தப் பெண்டாட்டிக்கு யார் திராட்சை வைப்பார்கள்? அவர் சாப்பாட்டை மட்டும் நான் தனி அடுப்பில் செய்வேன். ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், முதலில் பாய் கதையை முடித்துவிடுகிறேன்.

பாய் தன் மகள் மிஸ்பாவின் நிக்காஹுக்குப் புதுச் செருப்பு வாங்கினார். அது சுண்டுவிரலைக் கடித்துப் புண்ணாக்கியது. புண் ஆறவில்லை. "என்னன்னே தெரியல தங்கச்சி, சுகர் எறங்க மாட்டேங்குது. மாத்திரையையும் கூட்டிட்டாக. ராத்திரிக்கு ஒன் சாப்பாடு, அம்புட்டுத்தான். சத்தியமா பரோட்டாவத் தொட்டே மாசக்கணக்காச்சு" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எத்தனையோ டாக்டர்கள் சொல்லியும் விடாத பரோட்டாவை என் கைப்பக்குவம் விடவைத்துவிட்டது.

அப்புறம் தேனி ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரல்தான். நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது என்று அங்கேயே சொன்னார்களாம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்பதால் தினமும் ராக்கையாவிடம் கேரியர் கொடுத்துவிட்டேன். நோயாளி தெம்பாக இருக்க வேண்டுமே என்று ஒரு பிடி கூடுதலாகவே வைத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது, சர்க்கரை குறையாவிட்டால் அடுத்து பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணு நிக்காஹுல ரெண்டு கால்ல நிக்கணும் தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்று பாய் கண் கலங்கினார். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை, சார். கூடப் பிறந்த அண்ணனுக்கு அழுகிற மாதிரிதான் அழுதேன்.

இப்போது கேரியர் மாறிப்போன விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் பாய் ஒரு கேரியர் கொடுத்தார். 'அன்பளிப்பு: கா. சம்சுதீன், உத்தமபாளையம்' என்று பெயர் வெட்டியது. நல்ல கனமான பாத்திரம் என்பதால் அதை வீட்டுக்காரருக்கென்று ஒதுக்கியிருந்தேன். பாய்க்குப் போகிற கேரியரில் என் நாத்தனார் பெயர் இருக்கும். பாத்திரத்தில் இருப்பது கொடுத்தவர் பெயர், சொந்தக்காரர் பெயர் இல்லை என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ராக்கையாவுக்கு எது யாருடையது என்று தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

சித்திரையில் ராக்கையா வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கப் போய்விட்டார். அவர் பெண்டாட்டி முருகம்மாள் ஸ்கூட்டியில் வந்தாள். "எது யாருக்குன்னு சொல்லட்டாடி?" என்றேன். "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பேருதான் வெட்டியிருக்கே, போக்கா" என்று அள்ளிக்கொண்டு போய்விட்டாள். சம்சுதீன் என்று ஒரு கேரியர், சம்சுதீன் என்று ஒரு வீடு. இரண்டையும் சேர்த்துவிட்டாள். அவளை என்ன குறை சொல்ல முடியும்?

மறுநாள் அதிகாலையிலேயே அவள் காலி கேரியர்களைக் கொண்டுவந்து போட்டாள். பாய் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. பாய்க்குப் போயிருக்க வேண்டிய, நாத்தனார் பெயர் வெட்டிய கேரியர் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்திருந்தது. ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தபடிதான் திறந்தேன். உள்ளே ஒரு பருக்கை இல்லை. பளபளவென்று கழுவி, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் எனக்கென்று வைத்த முதல் பழம். கேரியரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றதெல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போனது.

அன்று வீட்டுக்காரர் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். பின்னாலேயே மிஸ்பா வந்தாள். நர்சிங் படித்த பெண், கூர்மையானவள்.

"மாமி, நேத்து அத்தாவுக்கு வந்த சாப்பாடு நீங்க செஞ்சதுதானா?"

"நாந்தாண்டி செஞ்சேன்."

"அத்தா பாதிய வச்சுட்டாக. சப்புன்னு இருக்கு, தங்கச்சி கைப்பக்குவமே இல்லன்னு சொன்னாக. ஆனா காலைல சுகர் எறங்கியிருக்கு மாமி. இத்தன நாள்ல இன்னைக்குத்தான் எறங்கியிருக்கு."

"எனக்கு ஏறியிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

அவர் என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "மொத வாயிலேயே தெரிஞ்சுபோச்சு ஹேமா. நம்ம கடைக் குருணை. அரிசிக்காரன் நாக்கு பொய் சொல்லுமா? தெரிஞ்சும் வழிச்சு நக்கித் தின்னேன். அம்புட்டு ருசி."

ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால் ராச்சாப்பாட்டை அன்று காலையிலேயே சமைக்க ஆரம்பித்திருந்தேன். இரண்டு அடுப்பிலும் இரண்டு சட்டி இருந்தது. மிஸ்பா பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்தாள். அவள் அத்தாவின் புண்ணுக்குப் போடுகிற அயோடின். வீட்டுக்காரரின் சட்டியில் ஒரு சொட்டு விட்டாள். பழுப்பாகவே கிடந்தது. பெரிய சட்டியில் விட்டாள். இழையெல்லாம் நீலமாகி, மயில் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது. மாவுச்சத்து இருந்தால் அப்படி மாறுமாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சார். அந்தப் பெண் மட்டும் ஏன் அப்படிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அதன் பிறகு பாய்க்கு அவர்கள் வீட்டிலேயே சமைத்தார்கள். புண் ஆறிவிட்டது, பாதம் தப்பித்தது. போன வாரம் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பாய் ரொம்ப நேரம் இரண்டு காலிலும் நின்று எல்லோரையும் வரவேற்றார் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டே, "வா தங்கச்சி. சாப்பாடு மட்டும் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவருக்கு என் மேல் வருத்தம் இல்லை. உங்களுக்குப் புகார் கொடுத்தது மிஸ்பாதான், எனக்குத் தெரியும். சின்னப் பெண், நான் கோபப்படவில்லை.

ஆமாம் சார், நான்தான் கலந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, தெரியாமலும் செய்யவில்லை. தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெடுதல் என்று தெரிந்தே கலந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பாவம். இது நம் வயலில் விளைகிற அரிசி. அது மனிதரை என்ன செய்துவிடும்? கெடுதல் என்று மனசில் ஒரு துளி பட்டிருந்தால் என் கை கூசியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் தனி அடுப்பு என்று விடாமல் கேட்கிறீர்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, சார்? அவருக்கு அரிசி ஆகாது. சர்க்கரைக்காரர்.