பட்டன் தொலைந்த கடை

அக்கா: எழுதுடா. "கைப்பேசி ஏந்திய பெருமக்களே, வாருங்கள், இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். பக்கத்தை வேகமாக்கும் பிளகின் என்னும் துணைநிரலை நம்பி என் இணையப் பைக்கடையை ஒப்படைத்தேன். பக்கம் பறக்கிறது. ஆனால்..."

தம்பி: அக்கா, இது விமர்சனம் எழுதற இடம். மேடை இல்ல.

அக்கா: நீ எழுது. "ஆனால் கைப்பேசியில் 'வாங்கு' என்னும் பட்டனைக் காணோம். கதவில்லாத கடைக்கு வாசலில் விளக்கு எதற்கு?"

தம்பி: கம்ப்யூட்டர்ல தெரியுதே.

அக்கா: பஸ்ல போறவ கம்ப்யூட்டரைத் தூக்கிட்டா போறா? பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. தச்ச பையெல்லாம் கட்டில் மேல. உன் மச்சான் தரையில படுக்கறார். இந்தத் தடவை விக்கலன்னா தையல் மிஷினைத்தான் விக்கணும்.

தம்பி: வேகத்துக்காக அது வேண்டாததைக் கழிச்சு விடும். பட்டனும் அதோட போயிருக்கும்... வேகத்துக்கு நல்ல மார்க் வந்துச்சுல்ல?

அக்கா: வந்துச்சு. முதல் மார்க் வாங்கின பிள்ளை, வீட்டுக்கு வழி தெரியாம நடுத்தெருவுல நிக்குது.

தம்பி: பிளகின் கம்பெனி சப்போர்ட்ல கேட்டியா?

அக்கா: மத்த பிளகினை எல்லாம் நிறுத்திப் பாருன்னான். நிறுத்தினேன், கடையே நின்னுபோச்சு. அப்புறம் 'தீர்ந்தது'ன்னு என் புகார் டிக்கெட்டை மூடிட்டான். எழுது: "தீர்ந்தது பிரச்சினை அன்று, அவர்களின் பொறுமை."

தம்பி: பாவம்க்கா அந்தப் பையன். ஷிஃப்ட் முடியறதுக்குள்ள மூடலன்னா மேனேஜர் கடிச்சுக் குதறிடுவார்.

அக்கா: ஓ... குதறிடுவாரா?

தம்பி: ...கேள்விப்பட்டேன். நீ ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, நிதானமா மறுபடி பாரு.

அக்கா: அவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். "ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக மறுபடி பாருங்கள்."

தம்பி: எல்லாரும் சொல்றதுதானே...

அக்கா: எந்தக் கம்பெனிக்காரன்டா தண்ணி குடிக்கச் சொல்றான்?

தம்பி: ...உன் கடைன்னு தெரிஞ்சுதான் மூடினேன்க்கா. வேற வழி தெரியல. உனக்கு எப்ப தெரியும்?

அக்கா: முதல் பதில்லயே. இந்த சப்போர்ட் வேலையை மறைச்சு, பேங்க்ல புரோகிராம் எழுதறேன்னு அம்மாகிட்ட நீ அளந்ததை இன்னைக்கு வரைக்கும் நான் காட்டிக்கொடுக்கல. இப்ப கடைசி வரி: "மக்களே, தீராமல் மூடப்பட்ட உங்கள் டிக்கெட்டுகளைத் திறக்கச் சொல்லி எழுதுங்கள், பட்டன் திரும்பும்வரை ஓயாதீர்கள்." அனுப்பு. அனுப்பிட்டு உள்ள போய் கம்ப்யூட்டர் முன்னாடி உன் ஷிஃப்ட்ல உட்காரு, முதல் டிக்கெட் என்னோடது. தண்ணி நான் கொண்டு வர்றேன்.