வீடு பார்க்கப் போனவன்

ஐந்து மணிக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ இல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். ஸ்டேஷனில் கொடுத்த டீயில் இஞ்சி இல்லை; குறையாகச் சொல்லவில்லை, குடித்துவிட்டேன். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் அய்யா. உடையார்பாளையம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிற அண்ணாதுரை நான். உங்கள் ஏட்டையாவைவிட என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

என் தம்பி கலையரசன் கல்யாணமான எட்டாம் மாதம் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு அவனுக்குப் பிடித்துப்போய், ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே மீன் பதனிடும் கொட்டகையில் சேர்ந்துகொண்டான். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. அவன் மனைவி மேகலா எங்கள் வீட்டில் இருந்தாள். எனக்குப் பெண் அமையவில்லை. அப்பா அம்மாவும் தம்பி சின்னப் பையனாக இருந்தபோதே காலமாகிவிட்டார்கள். அவளை நான் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை, அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் சமைப்பாள், நான் சாப்பிடுவேன். அதற்கு மேல் நான் எதையும் கேட்டவன் இல்லை.

போன வருஷம் தம்பி அவளுக்கு விசா வாங்கிவிட்டான். பாஸ்போர்ட் மனுவை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டும் என் பீரோவில்தான் இருந்தது. எங்கள் பக்கம் பெண்ணை அனுப்புவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் போய் வீடு பார்த்துவிட்டு வரவேண்டும். வாலிகண்டபுரத்திலிருக்கும் மேகலாவின் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கடல் தாண்டி அனுப்பறோம், யாராச்சும் வூட்டப் பாத்துட்டு வர வேணாமா?" என்றாள்.

தம்பி எனக்கு டிக்கெட் அனுப்பினான். கிளம்புகிற அன்று மேகலா தன் போனை என் கையில் கொடுத்தாள். "உங்க போன்ல படம் தெளிவா வராது மாமா. அடுப்படிய மட்டும் நல்லா எடுத்துட்டு வாங்க."

மூன்று விமானம், ஒரு படகு. காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குள் தீவைச் சுற்றி வந்துவிடலாம். ஒரு ரொட்டிக் கடை, ஒரு சர்ச், கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள். வலையைச் சரிசெய்கிறவர்கள்கூட ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எட்டு நாளில் ஒருவருக்கும் மனு தேவைப்படவில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீர் வந்து மறித்தது.

பலகையில் இரண்டு அறை வீடு கட்டியிருந்தான். வாசலில் முருங்கை வைத்திருந்தான். அடுப்படி மேடை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று கேட்டேன்.

"மேகலா ஒசரத்துக்கு வச்சேண்ணே. நம்ம வூட்டு மேடை அவளுக்கு எட்டாது, தோள் வலிக்குதும்பா."

ஐந்து வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். தோள் வலிக்கிறது என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"நீயும் வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போண்ணே," என்றான். அவனை எடுத்து வளர்த்தவனுக்கு அவன் கொடுத்த இடம் அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு எரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வீடு பார்த்துவிட்டு வந்தவர் சொல்வதே முடிவு. அதைச் சரிபார்க்க இன்னொருவரை அனுப்பும் வழக்கம் எங்களிடம் கிடையாது. தம்பி எனக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்த நீலச் சட்டையை மேகலாவிடம் கொடுத்தேன். படகு கவிழ்ந்துவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை, உன் போனும் கடலோடு போய்விட்டது என்றேன். பிறகு தம்பிக்குப் போன் செய்து, நான் வருவதற்குள் அவள் வேறொருவனோடு போய்விட்டாள் என்றேன். அவமானத்தில் ஊரில் ஒருவரையும் கூப்பிடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் செய்து எரிப்பது உண்டு. அப்படியே செய்தோம். நான் கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் அவள் தாலியை இறக்கினார்கள். போஸ்டர் மட்டும் வேண்டாம் என்றேன். படம் போட்டால் எங்கெங்கோ போய்விடும். இறப்புச் சான்றிதழ் கேட்டு நான் மனு எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தை நான் ஏமாற்றவில்லை.

அக்கா வந்து அவளைக் கூப்பிட்டாள். வருஷம் திரும்பும்வரை புருஷன் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன் அவளுக்கு எதற்கு என்று வாங்கித் தரவில்லை. கடைக்கும் நானே போனேன். கதவைப் பூட்டியதில்லை அய்யா. அவள்தான் வாசல்வரை வந்து, தெருவைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் கேட்டாள். "அந்த வூட்ல அடுப்படி எப்படி இருந்துச்சு மாமா?"

"மேடை தாழ்வு," என்றேன். தேவையில்லாமல் பொய் சொல்கிறவன் இல்லை நான். அவள் எங்கள் மேடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அன்றைக்கு டீ இருபது நிமிஷம் தாமதம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வருஷம் திரும்பியது. தம்பியோடு பள்ளியில் படித்த முத்துவேல் என்னைக் கேட்காமலே பஸ் ஸ்டாண்டில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று பிளெக்ஸ் கட்டிவிட்டான். யாரோ படம் பிடித்துப் போட, அது சாயங்காலத்துக்குள் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி முத்துவேலைக் கூப்பிட்டு, "என் படத்துக்கு எதுக்குடா மாலை போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

முத்துவேல் போனோடு ஓடி வந்தான். மேகலா இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. என்னிடம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் பாஸ்போர்ட் எங்க மாமா?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன். வைக்கோல் ஆளுக்கு நீலச் சட்டையை மாட்டி, பொத்தான் போட்டது மேகலா. அவள் குடம் எடுத்துவரப் போனபோது, சட்டைக்குள் நெஞ்சுப் பக்கமாகப் பாஸ்போர்ட்டைச் செருகியது நான். தம்பியை எரிப்பதாக ஊரார் நினைத்தார்கள். நான் யாருக்குக் கொள்ளி வைத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அவள் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். புதுப் பாஸ்போர்ட்டுக்கு அவள் மனு போட வேண்டும். பழையது எப்படிப் போனது என்று விவரமாக எழுத வேண்டும். அதை என்னைவிடச் சரியாக எழுத இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை. நான் வெளியே வந்ததும் வரச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, இஞ்சி நான் வாங்கி வைத்திருப்பேன்.