வலிக்காத கை

ஆடித்தபசு நேரத்தில் ஊரே இரைச்சலாகக் கிடக்கும், மேடம். அப்போதுகூட எங்கள் கிளினிக்கில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் உங்களுக்குக் கேட்காது. சங்கரன்கோவிலில் வேறு எந்த ஆஸ்பத்திரியைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

வாக்குமூலம் எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் பூமாரி. கிளினிக்கில் ஊசி அறை என் பொறுப்பு. டாக்டர் முன்னறையில் இருந்து நோயாளியைப் பார்ப்பார், சீட்டு எழுதுவார், ஊசி என்றால் என்னிடம் அனுப்பி விடுவார். பச்சைத் திரைக்கு உள்ளே நானும் நோயாளியும் மட்டும்தான். கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். அம்மாக்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றால், பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தே பாதி செத்துவிடும். டாக்டருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அவர் ஒரு நாளும் திரையை விலக்கிப் பார்த்ததில்லை.

உள்ளே வந்ததும் பேச்சுக் கொடுப்பேன். பிறகு நுள்ளுவேன். ஊசி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு விரலால் சுருக்கென்று ஒரு நுள்ளு. கவனம் முழுக்க அங்கே போய்விடும். ஊசி எப்போது இறங்கியது, எப்போது வெளியே வந்தது என்று தெரியாது. எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது. பிள்ளைகள் என்னை நுள்ளு சிஸ்டர் என்று கூப்பிடும்.

கபீர் பாயிடம்தான் எல்லாம் தொடங்கியது. பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பாதத்தில் மதமதப்பு என்று வந்தார். டாக்டர் நரம்புக்குச் சத்து ஊசி எழுதிக் கொடுத்து வாராவாரம் வரச் சொன்னார். ஊசி என்றதும் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. நாற்காலியின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. "ஏம்மா, இதையே மாத்திரையாத் தர முடியாதா? நாலு பிள்ளையப் பெத்தவன் இப்படிப் பயப்படுதானேன்னு சிரிக்காத தாயி" என்றார்.

நான் நுள்ளினேன். ஊசி இன்னொரு கையில் தயாராக இருந்தது. குத்துவதற்குள் அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தே விட்டார். "முடிஞ்சுதா! அல்லா மேல ஆணையா ஒண்ணுமே தெரியல. ஒன் கைக்குப் பரக்கத்து உண்டும்மா" என்று என் தலைமேல் கையை வைத்தார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். மறுபடி உட்காருங்கள், இன்னும் குத்தவே இல்லை என்று எப்படிச் சொல்வது? மருந்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு சொட்டு மருந்தைக்கூட நான் வெளியே எடுத்துப் போகவில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வந்தவர், மதமதப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். அவராகவே சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. முக்கால்வாசி நோய் பயம்தான். பயத்தை எடுத்துவிட்டால் மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு பாய்க்கு நான் ஊசி போடவே இல்லை. ஒருநாள் அவருடைய ஒரு செருப்பு கிளினிக் படியில் கழன்று விழுந்தது. அது தெரியாமலேயே வெறுங்காலோடு தார் ரோட்டில் வீடு வரைக்கும் போய்விட்டார். மறுநாள் வந்து, "வெயில்ல சுட்டது கூடத் தெரியல பாத்துக்க. எனக்கு மறதி வந்துட்டு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பாய் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசலில் சொன்னார், பஜாரில் சொன்னார். குருவிகுளத்தில் இருந்தும் வாசுதேவநல்லூரில் இருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வயசாளிகள், கைக்குழந்தைக்காரிகள். டாக்டர் இல்லாத அன்றைக்குக்கூட, "பூமாரி சிஸ்டர் இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

எல்லாருக்கும் அப்படிச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கையை நீட்டிவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நான் ஏன் ஊசி போடாமல் இருக்கப் போகிறேன்? பயந்தவர்களை மட்டும்தான் விட்டேன். குழந்தைகளில் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். பயப்படாத குழந்தை எது, மேடம்?

இனி அபிதாவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கேட்க நினைப்பதே அதைத்தான்.

பனவடலிசத்திரத்துப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. அப்பா இசக்கிராஜா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா பொன்மணி. தெரு நாய் கன்னத்திலும் சுண்டுவிரலிலும் கடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் காயத்தைச் சுற்றிப் போட ஒரு மருந்து எழுதினார். தோளில் போட ஒரு தடுப்பூசி. அதையே சில நாள் இடைவெளி விட்டு இன்னும் சில தடவை போட வேண்டும்.

அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் மருந்துக் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பாவாடையை நனைத்துவிட்டாள். மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

"ஏட்டி, விடுதியா இல்லையா? நாலு பேரு சேந்து அமுக்கினாத்தான் இவ சரிப்படுவா" என்றார் இசக்கிராஜா.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையை ஆட்டுக்குட்டி மாதிரி அமுக்கிப் பிடிப்பதா? "எல்லாரும் வெளிய போங்க. யாரும் அவளத் தொடக்கூடாது" என்றேன்.

திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் கழுவினேன். அதில் நான் குறை வைக்கவில்லை. மெதுவாக அழுகை நின்றது.

"ஊசி எம்புட்டு நீளம்னு மொதல்ல காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். "இதாலயா? நாயே தேவல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டேன்.

"போடாம விட்டா யாருட்டயும் சொல்ல மாட்டியே?" என்று கேட்டேன்.

"கோமதியம்மா மேல சத்தியம்" என்று என் உள்ளங்கையில் அடித்தாள். பிறகு யோசித்துவிட்டு, "மருந்து உள்ள போகலன்னா கடி எப்படி சிஸ்டர் ஆறும்?" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"நீ பயப்படாம இருந்தா ஆறிரும்" என்றேன்.

அவளும் நானும் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினோம். வெளியே வந்து, "வலிக்கவே இல்லம்மா" என்று அவளே சொன்னாள். பொன்மணி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த ஊசிக்கு அபிதா அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் கிளினிக்குக்குத்தான் போகணும் என்று அடம் பிடித்தாளாம். காயம் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. திரைக்குள் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு டூ விட்டார்கள், எந்த டீச்சர் எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டுவாள்.

மூன்றாவது தடவை வந்தபோது பொன்மணி திரைக்கு வெளியே நின்றபடி சொன்னாள்: "அந்த நாய் செத்துப்போச்சாம் சிஸ்டர். எங்க தெருவுல அது கடிச்ச ஆடும் நேத்து வாயில நொரை தள்ளிச் செத்துட்டு. நல்லவேளை, நாம உடனே ஊசி போட்டோம்."

ஊசி என் கையில் இருந்தது. மருந்தும் ஏற்றி இருந்தது. அந்த நிமிஷத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், மேடம். அன்றைக்குப் போட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அபிதா சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழு நம்பிக்கை. அந்தத் தோளில் திடீரென்று ஊசியைக் குத்தினால் அவள் என்னை என்னவென்று நினைப்பாள்? பிறகு ஆயுசுக்கும் ஒரு டாக்டரை, ஒரு நர்ஸை நம்புவாளா? நம்பி வந்த பிள்ளைக்குத் துரோகம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நுள்ளினேன். "வலிக்கலியே" என்று அவளே சத்தமாகச் சொன்னாள், வெளியே கேட்கிற மாதிரி.

கடைசி ஊசி வரைக்கும் அப்படியே முடிந்தது. பொன்மணி அரை கிலோ அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சில வாரம் கழித்து, காய்ச்சல் என்று அபிதாவைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் தொண்டை இறுகுகிறது, ஃபேன் காற்றுப் பட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. அங்கிருந்து எங்கள் டாக்டருக்குப் போன் வந்தது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே, "பூமாரி, பனவடலிசத்திரத்துப் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு சார்" என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னாலும் பயன் இல்லை. அந்த நோய் வந்தால் வந்ததுதான். வீணாக எல்லாரையும் எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தனி அறை. ஜன்னலை மறைத்திருந்தார்கள். நடுக்கம் ஓய்ந்த நேரத்தில் தெளிவாகவே இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் இருந்து எச்சில் வடிந்து என் விரலெல்லாம் நனைந்தது. காதோடு கேட்டாள்: "சிஸ்டர், நான் பயப்படவே இல்லையே. பெறகு ஏன் ஆறல?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

அன்று இரவு அவள் பொன்மணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சத்தியத்தை மீறினால் சாமி கோபிக்குமா என்று கேட்டுவிட்டுச் சொன்னாளாம். விடிவதற்குள் போய்விட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு அது வருத்தம்தான். தரையில் உட்கார்ந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். பெற்ற அப்பன் அமுக்கிப் பிடிக்க நின்றபோது அவளுக்காகப் பேசினவள் நான் ஒருத்திதான். கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பொன்மணி கிளினிக் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே பொன்மணி. டாக்டரோ, இந்தப் பெண் இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று டிவிக்காரர்களிடம் சொன்னார். ஒரு நாளாவது அந்தத் திரையை விலக்கியிருந்தால் கனவு காண வேண்டியதே இல்லை.

நேற்றுக் காலை கபீர் பாய் இதே ஸ்டேஷனுக்கு வந்தார். நீங்கள் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிகிறது. வலது பாதத்தில் பெரிய கட்டு. ஆணி ஏறியதே தெரியாமல் நாள் கணக்கில் நடந்திருக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, என்னையுமா?" என்றார். திட்டவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். "உங்களுக்கு வலிக்கக் கூடாதேன்னுதான் பாய்" என்றேன். "வலிக்காததுதானே தாயி என் வியாதியே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். இத்தனை வருஷம் என் கையைப் புகழ்ந்தவர். ஒருத்தராவது எனக்காக நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

ஆமாம், மேடம். அபிதாவுக்கு ஒரு ஊசியும் நான் போடவில்லை. போட்டிருந்தால் இருந்திருப்பாள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பயத்தைவிட ஊசி பெரிதில்லை என்று நான் மனசார நம்பித்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அவள் எச்சில் என் விரலில் பட்டதே, எனக்குப் பயமாக இல்லையா என்றா?

இருந்தது. நகக்கண்ணில் சின்னக் கீறல் வேறு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே ராஜபாளையம் பஸ் ஏறி, என்னைத் தெரியாதவர்கள் நடத்துகிற ஒரு கிளினிக்கில் அதே தடுப்பூசியைப் போட்டுக்கொண்டேன். மிச்சத்தையும் தவறாமல் போய்ப் போட்டுக்கொண்டேன். அங்கே இருக்கிற பெண்ணுக்குப் பக்குவமே போதாது, மேடம். ஒவ்வொரு தடவையும் நன்றாக வலித்தது.