ஒன்பதாவது ரீல்

— ஹீரோ ஹௌராவுல ரயிலை விட்டு இறங்கறான் ஓய். பெட்டியைத் தோள்ல வெச்சுண்டு ரெண்டு எட்டு நடக்கறான். அடுத்த ஷாட்ல பாலிகஞ்ச்ல நிக்கறான். நானும் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து ஒரு வருஷமாறது. எனக்கு அப்படி ஒரு பஸ் கிடைக்கலை.

— மெட்ராஸ்ல பாக்கறவங்களுக்கு என்ன தெரியும் வாஞ்சி சார். அவங்களுக்கு ரெண்டும் கல்கத்தாதான்.

— அதுவும் சரி. நீர் சொல்லும். முப்பது வருஷமா சினிமா பாக்கற மனுஷன். நேத்திப் படத்துக்கு எத்தனை மார்க்?

— நல்லாத்தான் இருந்துச்சு சார்.

— துரைசாமி, உமக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? நீர் எந்தப் படத்தையும் நல்லா இருந்ததுன்னு சொன்னதே இல்லையே. போன மாசம் நம்ம தமிழ்ச் சங்கமே அழுதுண்டு வெளியில வந்தது. நீர் வாசல்ல நின்னுண்டு, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தலைகீழா மாட்டியிருந்தார்னு சொன்னீர்.

— மாட்டியிருந்தாரே சார்.

— மாட்டியிருந்தார். இல்லேங்கலை.

— இதுல அந்த வில்லன் பரவாயில்லை. கத்தவே இல்லை.

— கண்ணாடியைத் துடைச்சுண்டே இருந்தான். அதுக்குப் பேர் நடிப்பா? போகட்டும். இந்த கேசட்டை எடுத்துண்டு போம். மலையாளம். ஒரு லைட்ஹவுஸ்காரன், அவன் பொண்டாட்டி, ஒரு நாய். மூணே பேர். அதுல நாய்தான் பிரமாதம்.

— நான் போன வாரம் பெஹாலாவுல ஒரு பெங்காலிப் படம் பாத்தேன் சார். தபால்காரன் ஒருத்தன். செத்துப்போனவங்களுக்கு வர்ற லெட்டரை எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவான். திருப்பி அனுப்ப மனசு வராது. நீங்க பாக்கணும்.

— கடைசியில என்ன ஆறான்?

— சஸ்பெண்ட் ஆயிருவான்.

— இதுக்கா நான் டிக்கெட் வாங்கணும்? வசு, காபி ஆச்சா? பாவம், டாக்யார்டுல வேலையை முடிச்சுட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார்.

— ஆச்சு, ஆச்சு. எடுத்துக்கோங்கோ துரைசாமி சார். ஏன்னா, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு, அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு கதவைச் சாத்தறா. அடுத்த சீன்ல அவனோட கல்யாணத்துக்குப் புடவை எடுத்துண்டிருக்கா. நடுவுல என்ன ஆச்சு? நான் தூங்கிட்டேனா?

— நீ தூங்கலை வசுமதி. அது என்னோட கைங்கர்யம்.

— என்ன பண்ணினேள்?

— ஒம்பது மணி ஷோ. படமோ பதினாறு ரீல். பதினொன்றரைக்குத் தியேட்டரைக் காலி பண்ணித் தரணும், அவாளுக்கு நூன் ஷோ இருக்கு. போன தடவை பத்து நிமிஷம் தாமசமாயிடுத்து. கதாநாயகி உயிரை விடற நேரத்துல மேனேஜர் லைட்டைப் போட்டுட்டான். சினிமா செக்ரட்டரின்னு பேருக்கு நான் ஒருத்தன், எல்லார் வாயிலயும் விழுந்தேன். அதனால இந்தத் தடவை ஆபரேட்டரைத் தனியாக் கூப்பிட்டு, ஒம்பதாவது ரீலை ஓட்டாதேன்னு சொல்லிட்டேன். நூத்தைம்பது பேர் பாத்தா. ஒருத்தருக்கும் தெரியலை.

— எனக்குத் தெரிஞ்சுதே.

— ஒம்பதாவதுல என்ன சார் வரும்?

— ஒண்ணுமே வராது ஓய். பொங்கல் லீவுல மெட்ராஸ்ல முழுசாப் பாத்தேன், அந்த தைரியத்துலதான் எடுத்தேன். டிராம். அந்தப் பொண்ணு டிராம்ல ஏறி உக்காந்துண்டு வேடிக்கை பாத்துண்டே மனசு மாறறா. பத்து நிமிஷம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது.

— டிராம் இருக்கா சார் படத்துல?

— இருக்குங்கறேனே. டம்ளரைப் பிடியும், சாயறது.

— உள்ள கூட்டமா இருக்குமா?

— பத்துப் பதினஞ்சு பேர். எல்லாம் இங்கேயே பிடிச்ச ஆளுங்க. அதான் பாக்க சகிக்கலை. கதாநாயகி பக்கத்துல ஒருத்தியை உக்கார வெச்சிருக்கான். அவ பாட்டுக்குக் கேமராவையே பாத்துண்டிருக்கா. டைரக்டர் எப்படி விட்டான்னு தெரியலை.

— ஜன்னல் பக்கமா உக்காந்திருக்காங்க?

— இல்லை, வழிப்பக்கம். மடியில ஒரு பை. பையிலேர்ந்து புடலங்காய் நீட்டிண்டிருக்கு. டிராம் திரும்பறபோதெல்லாம் அது கதாநாயகி மூக்கை இடிக்கப் போறது. மெட்ராஸ்ல தியேட்டரே சிரிச்சுது.

— என்ன புடவை சார்?

— ஊதாவோ நீலமோ. நான் என்ன ஜவுளிக்கடையா வெச்சிருக்கேன்?

— கத்திரிப்பூக் கலரா? மஞ்சக் கரை போட்டு?

— இருக்கும். கேளும், இன்னும் வேடிக்கை. சோகமான கட்டம். அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கறா. இவ அவளைத் திரும்பிப் பாத்துட்டு, கையில இருக்கிற பொரிப் பொட்டலத்தை நீட்டறா. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பாத்தாலே தெரியறது. அந்த நடிகைக்கே சிரிப்பு வந்துடுத்து. உடனே இவளும் சிரிக்க ஆரம்பிச்சுட்டா.

— வாயைப் பொத்திக்கிட்டாங்களா?

— ஆமாம், முந்தானையால. உமக்கு எப்படித் தெரியும்?

— இடது கையாலயா சார்?

— ஏன்னா, கொஞ்சம் நிறுத்துங்கோ.

— இரு வசு, நல்ல கட்டத்துல வந்து...

— நிறுத்துங்கோன்னா. அவர் மூஞ்சியைப் பாருங்கோ. துரைசாமி சார், யாரு அது?

— முன்பல்லு ஒண்ணு மேல ஏறியிருக்கும்மா. அதனால சிரிச்சாப் பொத்திக்கும். பொத்தாத, நல்லாத்தான் இருக்குன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

— உங்க சம்சாரமா?

— தமிழரசிங்கம்மா. நீங்க பாத்ததில்லை. நீங்க நாக்பூர்லருந்து வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிருச்சு.

— ஓய்.

— லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருக்கு சார். சினிமாக் கம்பெனிக்காரங்க வந்து, தமிழ் முகமா நாலு பேர் வேணும்னு கூப்பிட்டாங்களாம். பையோட அப்படியே டிராம்ல ஏறிருச்சு. சாயங்காலம் வந்து ஒரே ஆட்டம். நீங்க காசு கொடுத்து சினிமா பாக்கறவரு, நான் சினிமாவுக்கு உள்ள இருக்கறவள்னு. அது மாசி மாசம். கார்த்திகையில மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள்ல முடிஞ்சுபோச்சு. படம் அதுக்கப்புறம் நாலு வருஷம் பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு.

— ஒரு வார்த்தை முன்னாடி சொல்லப்படாதா ஓய். ஒரே ஒரு வார்த்தை.

— படத்துல வெச்சிருக்காங்களா வெட்டிட்டாங்களான்னு தெரியாதுல்ல சார். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, கடைசில இல்லேன்னா? நேத்துப் படம் முடிஞ்சதும் டைரக்டர்தான் வெட்டிட்டாருன்னு நெனச்சேன். நீங்க மெட்ராஸ்ல பாத்திருக்கீங்களே, எதுக்கும் கேட்டுருவோம்னுதான் வந்தேன்.

— பாக்க சகிக்கலைன்னு சொன்னேன். புடலங்காய்னு சொல்லிச் சிரிச்சேன்.

— இல்ல சார். நீங்க சொல்லித்தான் நான் பாத்தேன். பொரி கொடுத்ததெல்லாம் எங்கிட்ட அது சொல்லவே இல்லை.

— உங்க பொண்ணு அனு நேத்து பட்டுப் பாவாடை கட்டிண்டு வந்திருந்தாளே. சினிமாவுக்கு எதுக்குடி இதெல்லாம்னு நான்கூடக் கேட்டேன். பதில் சொல்லாம சிரிச்சா.

— அம்மாவைப் பாக்கப் போறோம்னு சொல்லித்தாம்மா கூட்டிட்டு வந்தேன். தமிழரசி போறப்ப அவளுக்கு ரெண்டு வயசு, ஒண்ணும் ஞாபகமில்லை. வீட்டுல இருக்கிறது ஒரே போட்டோ, கழுத்து வரைக்கும்தான். அம்மா நடப்பாங்களா, கையை ஆட்டுவாங்களா, என்னைப் பாப்பாங்களான்னு ஒரு வாரமா என்னைத் தூங்க விடலை.

— வசு, அந்த டெலிபோன் டைரியை எடு. படப் பொட்டி நேத்து சாயங்காலமே கரக்பூர் போயிடுத்து. வர்ற ஞாயித்துக்கிழமை அங்க உள்ள சங்கத்துல போடறா. ரயில்வே ஹால், நூன் ஷோ தொந்தரவு கிடையாது. ஒரு ரீல் விடாம ஓட்டச் சொல்றேன். ஒம்பதாவதை ரெண்டு தடவை ஓட்டச் சொல்றேன். நான் கால்ல விழுந்தாவது சொல்றேன். காலம்பற லோக்கல்ல ஏறினா ரெண்டரை மணி நேரம். நானே உங்க ரெண்டு பேரையும் கூட்டிண்டு போறேன் ஓய். மறுக்கப்படாது.

— நானும் வரேன். குழந்தை நேத்து ரொம்ப அழுதிருப்பாளே துரைசாமி சார்.

— அழலைம்மா.

— அழலையா?

— இன்டர்வல் வரைக்கும் ஒவ்வொரு பொம்பளையாக் காட்டிக் கேட்டா. பக்கத்து வீட்டு மாஷிகிட்ட வளர்ற புள்ள, பெங்காலிதான் வாயில வரும். 'எட்டா மா? எட்டா மா?' இதான் அம்மாவா, இதான் அம்மாவான்னு. இல்லம்மா, இனிமேத்தான் வரும்னேன். நர்ஸைக் காட்டினா. பூக்காரியைக் காட்டினா. அந்த வில்லனோட அம்மாவைக்கூடக் காட்டினா. இன்டர்வலுக்கு அப்புறம் கேக்கறதைக் கொறைச்சுக்கிட்டா. என் சட்டையை மட்டும் பிடிச்சுக்கிட்டிருந்தா.

— சொல்லும்.

— படம் முடியப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். அப்ப கங்கைக் கரை வந்துச்சு. யாரோ ஒரு பொம்பள இடுப்புல சொம்போட படியில இறங்கிப் போகுது. மூஞ்சி தெரியலை, முதுகுதான். இவ எந்திரிச்சு நின்னுட்டா. என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லை. ரொம்ப மெதுவா, 'எட்டா மா?'ன்னா.

— நீர் என்ன சொன்னீர்?

— வீட்டுக்கு வந்ததுலருந்து சொம்பை இடுப்புல வெச்சுக்கிட்டு மாடிப்படி எறங்கி எறங்கிக் காட்டுறா சார். அம்மா இப்படித்தான நடப்பாங்கன்னு. மாஷிக்கு நடந்து காட்டினா, கீழ் வீட்டுக்காரங்களுக்கு நடந்து காட்டினா. இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல டீச்சருக்கும் காட்டியிருக்கா. இப்ப கரக்பூர் போயி தமிழரசியைக் காட்டினா, அது யாருப்பான்னு கேப்பா.