செத்தவர் பேரில் நிலம்

கூட்டத்தின் தலைவர் காதர் மைதீன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெரியோர்களே! நடவைப் பாதியில் நிறுத்திவிட்டு, காலில் ஒட்டிய சேற்றோடு நீடாமங்கலம் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! துக்கத்தோடு உங்களை வணங்குகிறேன்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர், சொல்லின் வேந்தர், தோழர் கண்ணுசாமி நம்மை விட்டுப் போய்விட்டார். நான் இராஜாங்கம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். என்னை அவருடைய நண்பன் என்று இங்கே அறிமுகம் செய்தார்கள். தவறு! நான் அவருடைய எதிரணி. அவர்மீது பொறாமைப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். பண்ணையார்கள் உண்டு, பதவியில் இருப்பவர்களும் உண்டு. ஆனால் என் அளவுக்கு வயிறெரிந்தவர் யாராவது உண்டா? இருந்தால் இந்த மேடைக்கு வரட்டும்!

"அறிவியலால் மனிதன் சாகாமல் வாழ முடியுமா?" இதுதான் எங்கள் பட்டிமன்றத் தலைப்பு. குத்தாலத்தில் பேசினோம், திருவையாற்றில் பேசினோம், இதே திடலில் பேசினோம். முடியும் என்பேன் நான். முடிந்தாலும் கூடாது என்பார் அவர். நான் வாரக்கணக்கில் படித்துவிட்டுப் போவேன். ஒருவர் இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்த டாக்டரைப் பற்றிச் சொல்வேன். இதயத்தை வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போடுவார். அதற்கே கைதட்டல்! வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் கைதட்டல்!

"வாத்தியாரு சொல்றது நெசந்தாங்க. இதயத்த மாத்தலாம். யாருக்கு மாத்துவாங்க? நம்ம காத்தாயிக்கா, பண்ணையாருக்கா? பண்ணையாரு சாவவே மாட்டாருன்னா அந்த நெலம் எப்பங்க நம்ம கைக்கு வரும்?" என்று கேட்டார் ஒரு தடவை.

முன்வரிசையில் இருந்த காத்தாயி அம்மாள் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாத்தியாரய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அந்த மருந்த மட்டும் கண்டுபிடிச்சிராதீங்க!" கூட்டம் சிரித்து அடங்கவே இல்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில் நான் கண்ணுசாமியோடு பேசவில்லை. எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். அதற்கும் எரிச்சல்பட்டேன்.

அந்தக் காத்தாயி அம்மாள் நிலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன். உச்சவரம்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்கு மேல் ஒருவர் பேரில் நிலம் இருக்கக்கூடாது என்றது. பண்ணையார் என்ன செய்தார்? காத்தாயி அம்மாள் குடும்பம் காலங்காலமாக உழுதுவந்த வாய்க்கால் கரை நிலத்தைத் தம் தகப்பனார் பேரிலேயே விட்டுவைத்தார். தகப்பனார் செத்துப் பல வருஷம். ரிக்கார்டில் மட்டும் உயிரோடு இருந்தார்! நான் மேடைக்கு மேடை தேடிய சாகாத மனிதர் பக்கத்து ஊரிலேயே இருந்தார்!

மனுப் போடலாம் என்றேன். "போட்டாச்சு வாத்தியாரே. அப்பாரு காசிக்குப் போயிருக்காருன்னு பதில் வந்திருக்கு. திவசம் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் கண்ணுசாமி.

திவசம் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குப் பண்ணை ஆட்களுக்குக் கொல்லையில் சாப்பாடு. கண்ணுசாமியும் போனார். கூடவே தாசில்தாரை அழைத்துப் போனார்! பண்ணையார் ஈர வேட்டியோடு கையில் வாழையிலையும் சோறுமாகக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க திவசம்?" என்று கேட்டார் தாசில்தார்.

அப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு, அப்பா சாகவில்லை என்று சொல்ல எந்த மகனுக்கு நாக்கு எழும்? சுற்றிலும் உறவுக்காரர்கள் நிற்கிறார்கள். கூரைமேல் காக்கை உட்கார்ந்திருக்கிறது. பண்ணையார் தலையைக் குனிந்து, "எங்க அப்பாருக்குங்க" என்றார்.

"அப்பாருதான் காசிலேருந்து இன்னும் வரலீங்களே!" என்றார் கண்ணுசாமி.

நிலம் உழுதவர்களுக்கு வந்தது. பட்டா காத்தாயி அம்மாள் பேரில் இருக்கிறது. ஆனால் ஊரில் அதற்குப் பெயர் என்ன? கண்ணுசாமி வயல்! ஒரு குழி நிலம்கூட இல்லாத மனிதருக்கு ஒரு வயலே பெயர் சொல்கிறது. இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய என் பேரில் ஒரு வரப்பாவது உண்டா? சொல்லுங்கள்! பொறாமை வராதா?

போன வாரம் நடவுக் கூலிப் பேச்சுவார்த்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து, "வாத்தியாரே, அந்த அட்டையவாவது எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். டிரைவர் சிரித்துவிட்டார். தோழர்களே, சாகப்போகிற நேரத்திலும் அந்த மனிதர் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்! நான் சிரிக்கவில்லை. கார் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் அவர் போய்விட்டார்.

எத்தனை மேடையில் தோற்றிருக்கிறேன்! அன்றைக்கு ஒரு தடவை, அந்தக் காருக்குள்ளே மட்டும், நான் சொன்னது பலித்திருக்கக் கூடாதா? அவருக்கு ஓர் இதயம் கிடைத்திருக்கக் கூடாதா? யாருக்கு மாற்றுவார்கள் என்று கேட்டீரே கண்ணுசாமி, உமக்குத்தான் ஐயா மாற்றியிருக்க வேண்டும்!

பண்ணையாரின் தாயார் பேரிலும் ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறது. அந்த அம்மையாரும் எப்போதோ காலமாகிவிட்டார். தை மாதம் திவசம். மகன் உஷாராக இருப்பார், வாசலைப் பூட்டியும் வைப்பார். ஆனாலும் தாய்க்குச் சோறு வைக்காமல் இருக்கமாட்டார். இந்தத் தடவை தாசில்தாரை அழைத்துக்கொண்டு போகப்போகிறவன் நான். இந்தச் சபை முன்னால் சத்தியம் செய்கிறேன்.

காலையில் இதைக் காத்தாயி அம்மாளிடம் சொன்னேன். "அவுரு மாதிரி ஒங்களுக்குப் பேச வராதே ஐயா" என்றார். வராதுதான் தாயே. வராவிட்டாலும் போவேன். அந்த நிலமும் உங்கள் கைக்கு வரும். வந்ததும் அதற்கும் நீங்கள் கண்ணுசாமி பேரைத்தான் வைப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

வையுங்கள்!