எழுத்துல கொடு

— அணைச்சுட்டு மறுபடியும் போட்டுப் பாத்தீங்களா மாமா?

— மாப்ளே, அணைச்சுட்டுப் போடுறது முதல் படி. முதல் படியிலயே நிக்கிற ஆளா நான்? ஒரு ஆலையையே கட்டி மேய்ச்சவன். வைஃபை பெட்டியை அணைச்சேன். லேப்டாப்பை அணைச்சேன். கடைசியா வீட்டு மெயின் சுவிட்சையே அணைச்சேன்.

— அதுல என் துணி பாதி துவைச்சு நின்னுபோச்சு தம்பி. சோப்பு நுரையோட அப்படியே கிடக்குது.

— நீ சமையலறையிலேர்ந்து குறுக்கே பேசாதே. மாப்ளைகிட்ட நிலவரத்தை முறைப்படி சொல்லிட்டிருக்கேன்.

— மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வாசல்ல வண்டி நிக்குது, ஆபீஸ் வண்டி. இருட்டறதுக்குள்ள கொண்டுபோய் விடணும்.

— அந்தப் பெரிய வண்டியையா எடுத்துட்டு வந்தீங்க?

— அவதான் பெரிசா கொண்டு வான்னா. எதுக்குன்னு கேட்டா 'கொண்டு வா, சொல்றேன்'னு போனை வெச்சுட்டா. இப்ப கதவைத் தட்டினா 'அஞ்சு நிமிஷம்'கிறா. அந்த அஞ்சு நிமிஷம் ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு.

— ம்ம்ம்.

— எதுக்கு மாமா இப்படி இழுக்குறீங்க?

— ஒண்ணுமில்லை மாப்ளே. நல்ல நிர்வாகி பாதியை வாயால சொல்லுவான், மீதியை ம்ம்-ல முடிச்சுடுவான். நீங்க லேப்டாப்பைப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள இதுலேர்ந்து ஒரு மெயில் போயாகணும். என் மானமே அதுலதான் தொங்குது.

— வைஃபை கோடெல்லாம் முழுசாத்தானே இருக்கு. கனெக்ட் ஆயிருக்கு.

— அதைத்தான் நானும் சொல்றேன். கனெக்ட் ஆயிருக்கு, ஆனா நெட் இல்லை. எதைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை'ங்குது. என் வீட்டுல, என் மேஜை மேல உக்காந்துகிட்டு, என்கிட்டயே பாதுகாப்பில்லைங்குது!

— கூடவே இருக்கு, ஆனா ஒண்ணும் போய்ச் சேரலை. எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு.

— உன்னை யாரு கேட்டா? மாப்ளே, நீங்க மேல சொல்லுங்க.

— உங்க போன்ல இதே வைஃபைல நெட் வருதா?

— கொட்டுது.

— அப்ப கோளாறு வைஃபைல இல்லை, லேப்டாப்லதான். பேசாம மெயில்ல அனுப்பப் போற கோப்பைப் போனுக்கு மாத்தி, அதுலேர்ந்தே மெயில் அனுப்பிடலாமே? ஒரு நிமிஷ வேலை.

— கூடாது!

— ஏன் மாமா?

— அது பிறந்த இடத்துலேர்ந்து அசையக் கூடாது. காரணம் உண்டு. கேக்காதீங்க.

— சரிங்க மாமா. கேக்கலை. வைஃபையை மறந்துட்டு மறுபடியும் சேக்கச் சொல்றேன். பாஸ்வேர்டு என்ன?

— 'ஒழுக்கம் உயர்வு தரும்.' நடுவுல இடம் விடாம, எல்லாம் ஆங்கில எழுத்துல.

— அடிச்சேன். தப்புங்குதே.

— ழகரத்துக்கு ரெண்டெழுத்து போடணும் மாப்ளே. ஒத்தை எழுத்து போட்டா ஒழுக்கம் குறைஞ்சுடும்.

— போட்டேன். இப்பவும் தப்புங்குது.

— கடைசியில ஒரு ஆச்சரியக்குறி.

— அதை முதல்லயே சொல்லக் கூடாதா மாமா?

— கேட்டாத்தானே சொல்லுவேன்.

— சரி, சேந்துடுச்சு. கோடு முழுசா இருக்கு. நெட்டு... இல்லை. பழைய குருடி கதவைத் திறடி.

— தம்பி, உங்களுக்கு டீ போட்டிருக்கேன். என்னங்க, உங்களுக்கும்தான். அப்புறம், அந்த இடது பக்கத்து அடுப்பு தானாப் பத்தாது, தீக்குச்சி வெச்சாத்தான் பிடிக்கும். மறந்துடாதீங்க.

— எதுவா இருந்தாலும் எழுத்துல கொடு.

— கொடுப்பேன்.

— பாத்தீங்களா மாப்ளே? இது நம்ம வீட்டு முறை. வாயால வர்றதை நான் காதுல வாங்குறதில்லை. எழுத்துல வந்தாத்தான் அதுக்குத் தலை இருக்கும், கால் இருக்கும், முக்கியமா ஒரு தேதி இருக்கும். முப்பது வருஷமாச் சொல்றேன், உங்க அத்தைக்கு இந்த வாரம்தான் உறைச்சிருக்கு. சமையலறையில போய்ப் பாருங்க. டப்பா ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கா. உப்பு, சர்க்கரை, டீத்தூள். வாஷிங் மெஷின்ல 'முதலில் இதை அழுத்தவும்'. மாத்திரை டப்பாவுல 'காலை', 'இரவு'. என்கிட்டேர்ந்து ஒட்டிக்கிட்ட நிர்வாகம்!

— உங்களுக்காகத்தான் ஒட்டினேன்.

— கேட்டீங்களா? எனக்காகவாம்! விதை போட்டா ஒருநாள் முளைக்கத்தான் செய்யும்.

— மாமா, திரையோட மூலையில இதென்ன சீட்டு? 'காலம் பொன் போன்றது'ன்னு எழுதி ஒட்டியிருக்கு.

— அதைத் தொடாதீங்க. அது பொன்மொழி.

— பொன்மொழி சரிதான். ஆனா சரியா கடிகாரத்து மேல உக்காந்திருக்கே?

— மணியைப் பாத்துப் பாத்து வேலை செய்யுறவன் கூலியாள் மாப்ளே. பாக்காம செய்யுறவன் நிர்வாகி. கவனம் சிதறக் கூடாதுன்னு நானே மறைச்சு வெச்சேன்.

— சரிங்க மாமா. இந்தப் 'பாதுகாப்பில்லை'ங்கற பக்கத்துல கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்கே, படிச்சீங்களா?

— பொடி எழுத்தை நான் படிக்கிறதில்லை. அதுக்குன்னு உதவியாளர்கள் இருந்தாங்க.

— நான் படிக்கிறேன். 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது.'

— திமிர்! என்னைப் பாத்தா? சகாக்களுக்கெல்லாம் பத்து வருஷம் முன்னாடி யோசிச்சவன் நான்.

— உங்களை இல்லை மாமா, லேப்டாப்பை. இதுல தேதி தப்பா இருந்தா எந்தப் பக்கமும் இதை நம்பாது, உள்ளயே விடாது. அந்தச் சீட்டை எடுங்க.

— வேற வழி இல்லையா?

— இல்லை.

— ஒரு பத்து நிமிஷம் வெளியில காத்தாட நின்னுட்டு வாங்க. நானே எடுத்து, நானே பாத்து...

— மாமா, நான் வண்டியைத் திருப்பி விடணும்! காலையிலேர்ந்து வேலை, பாதி ஊரைத் தாண்டி வந்திருக்கேன், வந்ததும் ஒழுக்கத்துக்கு எத்தனை எழுத்துன்னு எண்ணிக்கிட்டிருக்கேன். ஒரு சீட்டு மாமா. ஒரே ஒரு சீட்டு!

— தள்ளுங்க தம்பி. இந்தாங்க, கிழிச்சாச்சு.

— அடியே! என் பொன்மொழி!

— குப்பைக்கூடையில பத்திரமா இருக்கும். தேதியைப் பாருங்க தம்பி.

— ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கே.

— பேட்டரி கோளாறு. பழைய மெஷின்.

— பேட்டரி போனா வாய்க்கு வந்த தேதியைக் காட்டும் மாமா. இது எங்க கல்யாணத்துக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி. தானாத் தேதியைத் திருத்திக்கிற வசதியையும் யாரோ மெனக்கெட்டு அணைச்சு வெச்சிருக்காங்க.

— தற்செயல்.

— எதுவா வேணா இருக்கட்டும். சரி பண்ணிட்டேன். இதோ நெட் வந்துடுச்சு. தேதியைத் திருத்தினேன், அவ்வளவுதான். இதுக்குப் போய் மெயின் சுவிட்சு!

— வந்துடுச்சா? கொடுங்க, கொடுங்க. இனிமே நான் பாத்துக்குறேன். நீங்க டீயைக் குடிங்க.

— தேங்கி நின்ன மெயில் தானாவே கிளம்புது மாமா. ஆங், போயிடுச்சு. மானம் காப்பாத்தியாச்சு, சந்தோஷமா? இருங்க, என் போன்ல ஏதோ சத்தம். அட, எனக்கும் வந்திருக்கே. உங்க மெயில்தான்.

— உங்களுக்கா? உங்களுக்கு எப்படி வரும்? நான் 'குடும்பம் அனைவரும்'னு ஒரே அழுத்துல...

— நானும் குடும்பம்தானே மாமா.

— பிறகு படிக்கலாம். ஆறிடும், டீ ஆறிடும்.

— 'அன்புச் சுற்றத்தாருக்கு. நான் அன்றே சொன்னேன். என் மகளின் திருமணம் நிலைக்காது என்பதைத் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே கணித்து எழுதிவைத்திருந்தேன். கோப்பின் தேதியே சாட்சி. இளையோர் மனம் நோகக் கூடாதென்று இதுநாள்வரை மௌனம் காத்தேன்.' மாமா?

— ம்ம்.

— இந்த ம்ம் எனக்கு வேண்டாம். வாயால சொல்லுங்க. யாரு கல்யாணம் நிலைக்காது?

— உக்காருங்க மாப்ளே. மனசைத் திடப்படுத்திக்கங்க. அவ வந்து ஒரு வாரம் ஆச்சு. காலிப் பெட்டியோட வந்தா. வந்ததுலேர்ந்து அம்மாவும் பொண்ணும் அறைக்குள்ள குசுகுசுன்னு பேச்சு. நான் போனா நிறுத்திடுறாங்க. ரெண்டு நாள் உள்ளேர்ந்து அழுகைச் சத்தம். நான் யாரையும் எதுவும் கேக்கலை. கேட்டுத் தெரிஞ்சுக்கிறவன் சாதாரண மனுஷன். கூட்டிக் கழிச்சேன், விடை வந்துடுச்சு.

— என்ன விடை? அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தா! தினம் போன் பண்றா. நேத்துகூட குளியலறை விளக்கை அணைக்கலைன்னு காய்ச்சி எடுத்தா. விட்டுட்டுப் போறவ விளக்குக்கா சண்டை போடுவா?

— அது... நான் கணக்குல எடுத்துக்காத விவரம்.

— அதுவும் போகட்டும். என்னைத் தேடிப் பிடிச்சதே நீங்கதானே? கல்யாணத்தன்னைக்கு மைக்கைப் பிடுங்கி, 'என் நிர்வாக வாழ்க்கையில நான் செஞ்ச தேர்வுலயே இதுதான் தலைசிறந்தது'ன்னு முழங்கினீங்களே! சாப்பிட உக்காந்தவங்க எல்லாம் சாப்பாட்டை விட்டுட்டுக் கை தட்டினாங்களே!

— அதனாலதான் மாப்ளே! அத்தனை பேரும் அதைக் கேட்டிருக்காங்க! நாளைக்கு விஷயம் வெளியில வந்தா, 'பெரிய தேர்வு பண்ணினாரு'ன்னு என் முகத்துக்கு நேராச் சிரிக்க மாட்டாங்களா? என் பேச்சு ஒருநாளும் பொய்த்ததில்லை. அதுக்காக ஒரு சின்ன முன்னேற்பாடு.

— முன்னேற்பாடா? முடிஞ்சதுக்குப் பின்னாடி பண்ணி, தேதியை முன்னாடி இழுத்துவிட்டா முன்னேற்பாடா? பொண்ணுகிட்ட நேராப் போய் 'ஏம்மா வந்திருக்கே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

— அவ எழுத்துல எதுவும் கொடுக்கலையே!

— மாமா, என் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கு. போங்க, போய் எல்லாருக்கும் 'தப்பு நடந்துடுச்சு'ன்னு இன்னொரு மெயில் போடுங்க.

— மறுப்பு அறிக்கையா? அந்தப் பழக்கம் நமக்கு இல்லையே.

— என்னங்க, போன். உங்க அக்கா. மெயிலைப் பாத்துட்டாங்களாம். நான் 'ஹலோ'கூடச் சொல்லலை, 'என்னடி நடக்குது அங்கே'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

— ஏதாவது சொல்லி வை. தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லு.

— வெச்சுடாதீங்க அண்ணி, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.

— மாமா, உங்களுக்கு மெயில் ஒண்ணு வந்து விழுந்திருக்கு. அனுப்பினது திங்கக்கிழமை. நெட் இல்லாம வெளியிலயே நின்னிருக்கு. அத்தை பேரு போட்டிருக்கு.

— உங்க அத்தைக்கு மெயிலா? அவளுக்கு ஏது மெயில்?

— இந்த வாரம்தான் பொண்ணு போட்டுக்கொடுத்தா. தட்டச்சு கொஞ்சம் மெதுவாத்தான் வந்துச்சு. ஆனா தேதி சரியா இருக்கும், பாத்துக்கங்க.

— ஒரே வீட்டுல இருந்துகிட்டு எதுக்கு மெயில்? வாயால சொன்னா ஆகாதா?

— வாயால சொன்னேன். பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் சொன்னேன், நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. போன வருஷம் சொன்னேன், குறுக்கே பேசாதேன்னீங்க. போன மாசம் டீயைக் கையில கொடுத்துட்டு, எதிர்ல நின்னு சொன்னேன். எழுத்துல கொடுன்னீங்க. கொடுத்துட்டேன்.

— என்ன... என்ன கொடுத்திருக்கே?

— அத்தை, அப்ப அந்தக் காலிப் பெட்டி...

— என் துணியை வெச்சுக் கட்டத்தான் தம்பி. உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அறை பாத்திருக்கோம். உங்ககிட்ட முதல்ல சொன்னா நீங்க இவர்கிட்ட உளறிடுவீங்கன்னு அவதான் வேண்டாம்னா. கோவிச்சுக்காதீங்க. வண்டியோட பின்கதவைத் திறந்து வைங்க. தையல் மெஷின் கனம், அவ ஒருத்தியால தூக்க முடியாது.

— இரு. இரு. அழுகைச் சத்தம் கேட்டுதே? அவதானே அழுதா?

— முப்பது வருஷம் ஆச்சு, யாரு குரல்னு தெரியலை உங்களுக்கு. சரி, போனைப் பிடிங்க. உங்க அக்கா காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எழுதினது சரியாத்தான் போச்சுன்னு தைரியமாச் சொல்லுங்க. கல்யாணம்தான் வேற.